பன்னிரண்டாவது மாதம்

சென்ற ஏப்ரல் கடைசியில், கல்லூரியின் கடைசி வேலைநாளன்று, மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு எங்களை எல்லாம் செமினார் ஹாலில் உட்காரவைத்தார்கள். மன அழுத்தத்தைக் கையாள்வது எப்படி என்று இரண்டு மணிநேரப் பேச்சு. பேச வந்தவர் நல்ல மனிதர். நடுநடுவே சிரிக்கவும் வைத்தார். திரையில் ஒரு கடற்கரை, ஒரு சாய்வு நாற்காலி, அதன்மேல் ஒரு தொப்பி. முடிவில் ஆளுக்கொரு தாள் கொடுத்தார்: கோடை விடுமுறையில் ஆசிரியர்கள் தங்களைப் புதுப்பித்துக்கொள்ளப் பத்து வழிகள். ஹாலில் இருந்த நாற்பத்தொரு பேரில் இருபத்தொன்பது பேர் பெண்கள். வெளியே வரும்போது அலுவலக உதவியாளர் இன்னொரு தாள் நீட்டினார். மே மாதம் எந்தெந்த ஊருக்கு யார் யார் அட்மிஷன் கான்வாசிங் போக வேண்டும் என்ற பட்டியல். எனக்குக் கவரைப்பேட்டையும் எளாவூரும்.

இரண்டு தாளையும் ஒரே கைப்பையில் மடித்து வைத்துக்கொண்டு கும்மிடிப்பூண்டி மின்சார ரயிலில் வீடு திரும்பினேன். முதல் தாளைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை. இலக்கியம் படித்தவளுக்கு வேறென்ன தெரியும்? கையில் அகப்பட்டதைப் பனுவலாக வாசிக்கத் தெரியும்.

அலாரம் வைக்காமல் எழுவது, நெடுநாள் படிக்க நினைத்த புத்தகத்தைப் படிப்பது, கைபேசியை அணைத்து வைப்பது, மலைக்கோ கடலுக்கோ போய்வருவது, பிடித்த உணவை ரசித்துச் சாப்பிடுவது, குடும்பத்தோடு நேரம் செலவிடுவது, தியானம், புதிதாக ஒரு பொழுதுபோக்கு, பழைய நண்பர்கள். கடைசியாக, பத்தாவதாக, அடுத்த ஆண்டுக்கான பாடத்திட்டத்தைக் கொஞ்சம் யோசித்து வைப்பது. 'ரீசார்ஜ் ஆகுங்கள்' என்று தலைப்பிலேயே போட்டிருந்தார்கள். போனை யாரும் போனுக்காகச் சார்ஜ் போடுவதில்லை என்று பக்கத்தில் இருந்த கணிதத் துறைத் தோழி முணுமுணுத்தாள். அந்த ஒரு வரியில் முடிந்திருக்க வேண்டிய விமர்சனம் இது. ஆனால் அந்தத் தாளில் எதுவும் தவறில்லை என்பதுதான் என்னை உறுத்திக்கொண்டே இருந்தது. தூங்குவது நல்லது. வாசிப்பது நல்லது. யார் மறுப்பார்கள்?

இலக்கணத்தில்தான் இருக்கிறது விஷயம். பத்தும் ஏவல். முன்னிலை. தமிழில் முன்னிலை வினைக்குப் பால் காட்டும் விகுதி கிடையாது. 'எழுங்கள்', 'படியுங்கள்', 'போய்வாருங்கள்' என்றால் ஆணும் பெண்ணும் அதற்குள் அடங்கிவிடுகிறார்கள். படர்க்கைக்கு மாற்றிப் பார்த்தால்தான் சாயம் வெளுக்கும். 'அவன் அலாரம் வைக்காமல் எட்டு மணிக்கு எழுந்தான்.' 'அவள் அலாரம் வைக்காமல் எட்டு மணிக்கு எழுந்தாள்.' முதல் வாக்கியத்துக்கு அடுத்து ஒரு காப்பி வருகிறது. இரண்டாவது வாக்கியத்துக்கு அடுத்து ஒரு மாமியார் வருகிறார். 'அவன் பிடித்த உணவை ரசித்துச் சாப்பிட்டான்' என்பது முழு வாக்கியம். 'அவள் பிடித்த உணவை ரசித்துச் சாப்பிட்டாள்' என்றால், சமைத்தது யார் என்ற கேள்வி எழாமல் வாசிக்க முடியவில்லை. மலைக்கும் கடலுக்கும் போகும் வரி இன்னும் பழையது. கோடையையும் நண்பகலையும் பாலைக்குக் கொடுத்த தொல்காப்பியம், அந்தக் கோடையில் பொருள் தேடிப் புறப்படும் வேலையை ஆணுக்குக் கொடுத்தது. கடல்வழிப் பயணம் பெண்ணோடு இல்லை என்றும் விதி வகுத்தது. பழவேற்காடு எங்கள் ஊரிலிருந்து ஒரு பஸ் தூரம்தான். கடல் பார்க்கப் போய் நான்கு வருடமாகிறது.

'ஓய்வு' என்ற சொல்லும் நமக்குப் பெரிதாக உதவவில்லை. உரியியல், ஆய்தல், நிழத்தல் போன்ற சொற்களோடு ஓய்தலையும் சேர்த்து வைத்து, உள்ளது நுணுகிப்போவது என்று அதற்குப் பொருள் தருகிறது. மழை ஓய்கிறது, கூச்சல் ஓய்கிறது, ஆள் ஓய்ந்துபோகிறாள். அதாவது தேய்ந்துபோவதற்கும் ரெஸ்ட் எடுப்பதற்கும் நாம் ஒரே வேர்ச்சொல்லை வைத்திருக்கிறோம். இதை எனக்கு உணர்த்தியது எந்த அகராதியும் அல்ல. கும்மிடிப்பூண்டி இலங்கைத் தமிழர் முகாமிலிருந்து எங்கள் துறைக்குப் படிக்க வந்த ஒரு பெண். முகாமில் பிறந்தவள். வெளியில் எங்களைப்போலப் பேசுவாள், வீட்டுக் கதை சொல்லும்போது மட்டும் பேச்சு மாறிவிடும். "எங்கட அம்மம்மா இளைப்பாறின ரீச்சர், மிஸ்" என்றாள் ஒருநாள். அம்மம்மா எங்கோ மரத்தடியில் உட்கார்ந்திருக்கிற படம்தான் முதலில் எனக்குள் வந்தது. அப்புறம்தான் புரிந்தது. நாம் 'ஓய்வு பெற்ற ஆசிரியர்' என்பதை ஈழத்தில் 'இளைப்பாறிய ஆசிரியர்' என்கிறார்கள். இளைப்பு ஆறுவது. புண் ஆறுவதுபோல, கொதித்த பால் ஆறுவதுபோல. ஆற வேண்டுமென்றால் முதலில் இளைப்பு இருந்தது என்று ஒப்புக்கொள்ள வேண்டும், பிறகு ஆறுவதற்கு நேரம் கொடுக்க வேண்டும். அந்த அம்மம்மா கடைசிவரை மாலை வேளைகளில் முகாம் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக் கொடுத்துக்கொண்டிருந்தார் என்பது வேறு கதை.

இனி சம்பளத்துக்கு வருகிறேன். ஜூனில் தொடங்கும் கல்வியாண்டுக்கு மே பன்னிரண்டாவது மாதம். நான் வேலை பார்த்த மூன்று தனியார் கல்லூரிகளிலும் அந்தப் பன்னிரண்டாவது மாதம் கிடையாது. ஏப்ரல் 30 அன்று விடுவித்து, ஜூனில் மறுபடி சேர்த்துக்கொள்வதாகக் காகிதம். பதினெட்டு வருடமாகக் கற்பிக்கிறேன். காகிதப்படி அது பதினெட்டு தனித்தனிப் பதினோரு மாதங்கள். தனியார் நிர்வாகத்தின் கஞ்சத்தனம் என்று இதைத் தள்ளிவிட முடியாது, அரசே இதற்கு முன்மாதிரி. 2012இல் அரசுப் பள்ளிகளில் ஓவியம், தையல், உடற்கல்வி, கணினி கற்பிக்க 16,000க்கும் மேற்பட்ட பகுதிநேர ஆசிரியர்களை மாதம் 5,000 ரூபாய்க்கு எடுத்தார்கள். மே மாதச் சம்பளம் வேண்டும் என்பது அவர்களுடைய போராட்டங்களில் வருடாவருடம் ஒலித்த கோரிக்கை. அரசுக் கலைக் கல்லூரிகளின் கௌரவ விரிவுரையாளர்களுக்கும் பதினோரு மாதக் கணக்குதான். ஒரு வகுப்புக்கு 1,500 ரூபாய், மாதம் 50,000 வரை தரலாம் என்று பல்கலைக்கழக மானியக் குழு 2019இலேயே சொன்னது. இங்கே 2023இல் அதில் பாதி, 25,000. அதுவும் பதினோரு மாதத்துக்கு. 'கௌரவம்' என்ற சொல்லைச் சம்பளத்துக்கு முன்னால் ஒட்டினால் என்ன நடக்கும் என்று முனைவர் பட்ட ஆய்வேடு எழுதலாம். அந்தப் பட்டம் வைத்திருப்பவர்கள்தானே அந்த வேலையில் இருக்கிறார்கள்.

நிரந்தரப் பணியில் இருக்கும் ஆசிரியர்களுக்கு மே மாதச் சம்பளம் உண்டு. அதற்கு அவர்கள் வேறு விலை கொடுக்கிறார்கள். மற்ற அரசு ஊழியர்களுக்கு ஆண்டுக்கு 30 நாள் ஈட்டிய விடுப்பு, ஆசிரியர்களுக்கு 17. அதுதான் கோடை விடுமுறை இருக்கிறதே என்பது வாதம். கல்வி உரிமைச் சட்டத்தின் 27ஆவது பிரிவு ஆசிரியர்களைக் கல்வி சாராத வேலைகளில் ஈடுபடுத்தக் கூடாது என்கிறது, மக்கள்தொகைக் கணக்கெடுப்பு, பேரிடர் நிவாரணம், தேர்தல் ஆகிய மூன்றும் நீங்கலாக. நம் நாட்டில் இந்த மூன்றில் இரண்டாவது ஏப்ரல், மேயைத் தேடி வந்துவிடும். 2024 ஏப்ரல் 19 வாக்குப்பதிவுக்கு முந்திய இரவு, ஊத்துக்கோட்டைப் பக்கம் ஒரு பள்ளியின் வகுப்பறையில் பெஞ்சுகளைச் சேர்த்துப் போட்டுப் படுத்திருந்த என் பள்ளித் தோழி, கழிப்பறைக் கதவுக்குத் தாழ்ப்பாள் இல்லையென்று இன்னொரு ஆசிரியையை எழுப்பிக் காவலுக்கு நிறுத்திவிட்டுப் போனதாகச் சொன்னாள். பயிற்சி வகுப்புகள் தனி. 'எண்ணும் எழுத்தும்' திட்டத்தை 2022 ஜூன் 13 அன்று முதலமைச்சர் தொடங்கிவைத்தது எங்கள் மாவட்டத்து அழிஞ்சிவாக்கம் பள்ளியில்தான். நல்ல திட்டம், கொரோனாவில் எழுத்து மறந்த பிள்ளைகளுக்கு அது தேவைப்பட்டது. பள்ளி திறந்த அன்றே திட்டம் தொடங்க வேண்டுமென்றால் ஆசிரியர்கள் அதற்கு எப்போது தயாராகியிருப்பார்கள் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. ஆசிரியர் தினம் யாருடைய பிறந்தநாளோ அவர் பிறந்த திருத்தணியும் இந்த மாவட்டத்தில்தான் இருக்கிறது. செப்டம்பர் 5க்கு எங்களுக்குப் பேனா கொடுப்பார்கள்.

ஆசிரியை என்றால் வீடில்லாதவள் என்ற கற்பனை நமக்கு எங்கிருந்து வந்தது என்று யோசித்திருக்கிறேன். சென்னை மாகாணத்தில் பெண் பள்ளிகளுக்கு ஆசிரியைகள் வேண்டியிருந்தபோது, சகோதரி சுப்பலட்சுமி 1912இல் சாரதா பெண்கள் சங்கத்தைத் தொடங்கினார். கடற்கரை ஐஸ் ஹவுஸில் இளம் பிராமண விதவைகளுக்கான விடுதியை நடத்தி, அவர்களைப் படிக்கவைத்து ஆசிரியைகளாக்கினார். அவரே பால்ய விதவை. அந்தப் பெண்களுக்கு அது விடுதலை, அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் அந்த ஏற்பாட்டுக்குள் அரசுக்கு ஒரு வசதி இருந்தது. கணவன் இல்லை, பிள்ளை இல்லை, சமைத்துப் போட வேண்டிய வீடு இல்லை, ஆகவே முழுநேரமும் பள்ளிக்கு. பிறகு வந்த ஆசிரியைகளுக்குக் கணவனும் பிள்ளையும் வீடும் சேர்ந்தன. பள்ளி கேட்ட நேரத்தில் ஒரு நிமிடமும் குறையவில்லை.

என் அம்மா அப்படியொரு ஆசிரியை. ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளியில் முப்பத்து மூன்று வருடம். கோடை விடுமுறையைப் பற்றி எந்தக் கவிஞரைக் கேட்டாலும் சொல்லும் இனிப்பான ஞாபகங்கள் எனக்கும் உண்டு. அத்தை பிள்ளைகள், சித்தி பிள்ளைகள் என்று வீட்டில் பதினொரு பேர். நுங்கு, மாங்காய், வேப்பமரத்து ஊஞ்சல், மொட்டை மாடியில் வரிசையாகப் பாய். என் முதல் தொகுப்பில் அந்த மாடியைப் பற்றி மூன்று கவிதைகள் இருக்கின்றன. போன வருடம் மறுபதிப்புக்குப் பிழை திருத்தும்போது கவனித்தேன், மூன்றிலும் அம்மா இல்லை. பதினொரு பேர் சாப்பிட்டிருக்கிறோம், பாய் விரிக்கப்பட்டிருக்கிறது, கூழ் வடகம் காய்ந்திருக்கிறது, ஆண்டு முழுவதுக்குமான மிளகாய் காய்ந்து மிஷினுக்குப் போய்த் தூளாகத் திரும்பியிருக்கிறது. எல்லாம் தானாக. விடிகாலை மூன்று மணிக்கு எழுந்து அம்மா கூழ் கிளறிய அடுப்பு என் கவிதைக்குள் வரவேயில்லை. வரும் வருடம் ஐந்தாம் வகுப்புக்கு யார், இரண்டாம் வகுப்புக்கு யார் என்று அம்மா அந்த அடுப்பின் முன்னால்தான் யோசித்திருப்பார். அவருடைய கோடை விடுமுறையைத் தின்று வளர்ந்த பிள்ளைகளில் நானும் ஒருத்தி. அந்தத் தாளை எழுதியவர் மீது எனக்கிருக்கும் கோபத்தில் பாதி, அவரும் அப்படி ஒரு வீட்டில்தான் வளர்ந்திருப்பார் என்ற சந்தேகத்திலிருந்து வருகிறது.

கும்மிடிப்பூண்டிக்குக் குடிவந்த முதல் கோடையில் நானும் வடகம் போட்டேன். மாலையில் பார்த்தால் வெள்ளைத் துணியெல்லாம் கரும்புள்ளி. இரும்பு உருக்கும் பகுதியில் மாடி இருந்தால் அப்படித்தான் என்றார் பக்கத்து வீட்டு அக்கா. விரலால் தேய்த்தால் மினுங்குகிறது. சிப்காட் எனக்குச் செய்த ஒரே நன்மை அதுதான். அதற்குப் பிறகு வடகம் போடவில்லை, மாமியாரிடம் சொல்ல ஒரு காரணமும் கிடைத்தது.

ஒன்றிய அரசின் நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பு 2019இல் சொன்னது: வீட்டுவேலையில் ஈடுபடும் பெண் ஒருநாளில் அதற்குச் செலவிடுவது சராசரியாக 299 நிமிடம், ஆண் 97 நிமிடம். 2024இல் மறுபடி எடுத்தார்கள். பெண்ணுக்கு 289. பத்து நிமிடம் குறைந்திருக்கிறதே என்று சந்தோஷப்பட்டு அடுத்த எண்ணைப் பார்த்தேன். ஆணுக்கு 88. எங்களுக்குப் பத்து, அவர்களுக்கு ஒன்பது. மிக்ஸியும் வாஷிங் மெஷினும் ஸ்விக்கியும் இரு தரப்புக்கும் நியாயமாகப் பிரித்துக் கொடுத்திருக்கின்றன. 2023இல் வெயில் காரணமாகப் பள்ளித் திறப்பை ஜூன் 1இலிருந்து 7க்கும், பிறகு 12க்கும் 14க்கும் தள்ளிவைத்தபோது, அதே பள்ளித் தோழி எனக்கு அனுப்பிய செய்தி ஒரு வரிதான்: "ஐயோ, இன்னும் ஒரு வாரம் மூணு வேளையும் சமைக்கணுமாடி?"

அந்த 2023 மே மாதம் நான் படுத்திருந்தேன். அதைச் சொல்லாமல் இந்தக் கட்டுரை நேர்மையாக இருக்காது.

முந்திய நவம்பரிலேயே டாக்டரம்மா சொல்லிவிட்டார். கர்ப்பப்பையில் கட்டிகள், ஹீமோகுளோபின் ஏழு, தள்ளிப்போடாதீர்கள் என்று. நான் மே மாதம் செய்துகொள்கிறேன் என்றேன். அவர் ஆச்சரியப்படவில்லை. "டீச்சரா?" என்று மட்டும் கேட்டார். ஆறு மாதம் இரும்புச்சத்து மாத்திரையோடு ஓட்டினேன். மூன்றாவது மாடி வகுப்பறைக்கு ஏறும்போது இரண்டாவது மாடித் திருப்பத்தில் நின்று யாருடனாவது பேசுவதுபோல் பாவனை செய்வேன். கறுப்பு, கருநீலம், அடர்சிவப்பு என்று அந்த ஆறு மாதமும் நான் கட்டிய புடவைகளின் நிறத்தை இப்போது நினைத்தாலும் ஞாபகம் இருக்கிறது. மே இரண்டாம் வாரம் அந்த வார்டில் நாங்கள் நான்கு பேர் இருந்தோம். மூன்று பேர் ஆசிரியைகள். ஒருவருக்குப் பித்தப்பை, எங்கள் இருவருக்கும் கர்ப்பப்பை. நான்காமவர் ஒரு தலைமையாசிரியரின் மனைவி. நாங்கள் நோய்களைச் சேமித்து வைத்திருந்தோம், மே மாதத்துக்கென்று, உண்டியலில் போடுவதுபோல.

பிரசவமும் அப்படித்தான். என் மகன் பிறந்தது ஒரு மே 9ஆம் தேதி. வயிற்றோடு முதல்வர் அறைக்குப் போய்ச் சொன்னபோது, "கரெக்டா பிளான் பண்ணியிருக்கீங்க மேடம், லீவே தேவைப்படாது" என்றார். அவர் பாராட்டித்தான் சொன்னார். 1961ஆம் ஆண்டின் மகப்பேறு நலச் சட்டம் அப்போது 12 வாரம் கொடுத்துக்கொண்டிருந்தது. 2017 திருத்தத்துக்குப் பிறகு 26. என் குழந்தைக்கு ஐந்து வாரம் முடிந்து மூன்று நாள் ஆனபோது நான் முதலாமாண்டு மாணவர்களுக்கு எழுத்ததிகாரம் நடத்திக்கொண்டிருந்தேன். ஜாக்கெட்டுக்குள் கைக்குட்டை மடித்து வைத்துக்கொண்டு. இதை நான் எவரிடமும் குறையாகச் சொன்னதில்லை. மே மாதத்தில் பிள்ளை பெற்றதைப் பல வருடம் என் சாமர்த்தியமாகவே நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஆபரேஷனுக்குப் பிறகுதான் எல்லோரும் ஒரே குரலில் என்னிடம், "நல்லா ரெஸ்ட் எடுங்க" என்றார்கள். மாமியார்கூட. வயிற்றில் தையல் இருந்தால்தான் பெண் பகலில் படுத்திருப்பதற்கு அனுமதி. கணவர் பன்னிரண்டு நாள் சமைத்தார் என்று உறவினர் மத்தியில் இன்றும் பேச்சு. மூன்று நாள் தோசை வார்த்தார். மீதிநாள் சமைத்தது எழுபத்திரண்டு வயது அம்மா. படுத்தபடியே அந்த மாதம் பதினோரு கவிதைகள் எழுதினேன், இரண்டாவது தொகுப்பில் பாதி அவை. அத்தொகுப்பை விமர்சித்த ஒருவர், கவிஞர் திட்டமிட்டு உடலரசியலுக்கு நகர்ந்திருப்பதாக எழுதினார். திட்டமெல்லாம் இல்லை ஐயா. ஆறு வருடத்தில் எனக்குக் கிடைத்த முதல் இருபது நாள் அது. பக்கத்தில் பார்க்க உடல் மட்டும்தான் இருந்தது.

நான் புலம்புகிறேன் என்று சொல்பவர்கள் உண்டு. வங்கியில் வேலை செய்யும் தம்பி ஒவ்வொரு வருடமும் சொல்வான், "உங்களுக்கென்னக்கா, மாசக் கணக்குல லீவு." சிப்காட் பஸ்ஸில் விடிகாலை ஏறும் பெண்களுக்கு மே மாதமும் ஒன்றுதான், மார்கழியும் ஒன்றுதான். பெரியபாளையம், ஊத்துக்கோட்டைப் பக்கத்துச் செங்கல் சூளைகளில் கத்திரி வெயில்தான் வேலையின் உச்சம், மழைக்கு முன்னால் கல் அறுத்து முடிக்க வேண்டும். ஒடிசாவிலிருந்து குடும்பத்தோடு வந்திருக்கும் பெண்கள் அங்கே மண் மிதிக்கிறார்கள். அவர்களுடைய பிள்ளைகளுக்காக இந்த மாவட்டத்தில் ஒடியாப் பாடநூல்களோடு சூளைப் பள்ளிகள் நடந்திருக்கின்றன. சீசன் முடிந்து குடும்பங்கள் ரயிலேறும்போது அந்த வகுப்பும் கலைந்துவிடும். அவர்கள் முன்னால் நின்று என் ஓய்வைப் பற்றிப் பேச எனக்குக் கூச்சமாகத்தான் இருக்கிறது.

கூச்சப்பட வேறு காரணமும் இருக்கிறது. எங்கள் வீட்டில் பாத்திரம் தேய்த்துத் துணி துவைக்க ஓர் அக்கா வருகிறார், ஒன்பது வருடமாக. ஒவ்வொரு மே மாதமும் அவரை நிறுத்திவைப்பேன். 'நான்தான் வீட்ல இருக்கேனே, ஜூன்ல வாங்கக்கா.' எனக்குச் சம்பளம் இல்லாத மாதம், அவருக்கு எங்கிருந்து கொடுப்பது? இதில் ஏதோ இடிக்கிறது என்று ஏழு வருடம் எனக்குத் தோன்றவே இல்லை. பெண்ணெழுத்து பற்றிக் கருத்தரங்குகளில் பேசிக்கொண்டிருந்த வருடங்கள் அவை. பகுதிநேர ஆசிரியர்களின் போராட்டச் செய்தியைக் காலையில் வாசித்துக் கொதித்துக்கொண்டிருந்தபோது அவர் வாசலில் நின்று, "லீவு விட்டாச்சா டீச்சர், அப்ப நான் ஜூன்ல வரட்டா?" என்று கேட்டார். என் கல்லூரி எனக்குச் செய்வதைத்தான் எழுத்துப் பிசகாமல் நான் அவருக்குச் செய்துகொண்டிருந்தேன், காகிதம் இல்லாமல். அதிலிருந்து மே மாதமும் சம்பளம் கொடுக்கிறேன். அவர் அதை 'போனஸ்' என்கிறார். அந்தச் சொல்லைத் திருத்த எனக்கு இன்னும் வாய் வரவில்லை.

இரண்டாவது தாளின்படி எளாவூருக்கும் போனேன். 2025 மே 8 அன்று பிளஸ் டூ முடிவுகள் வந்துவிட்டன. மறுநாளிலிருந்து கையில் பெயர்ப் பட்டியலோடு வீடு வீடாக. ஒரு வீட்டில் அம்மா இரவு ஷிஃப்ட் முடித்து வந்து கதவைத் திறந்துபோட்டுத் தரையில் படுத்திருந்தார். என்னைப் பார்த்ததும் எழுந்தார். மகள் தமிழ் இலக்கியம் எடுக்கட்டுமா, வேலை கிடைக்குமா என்று கேட்டார். கல்லூரி சொல்லச் சொன்ன பதிலைச் சொல்ல முடியாமல் நான் மோரைக் குடித்துக்கொண்டிருந்தேன். "லீவுலயுமா வெயில்ல அலையவிடுறாங்க? செத்த இப்படிச் சாயுங்க டீச்சர், முகமே வாடியிருக்கு" என்று தலையணையை எடுத்துச் சுவரோரம் போட்டார். சாய்ந்தேன். மின்விசிறிக்கு நேர் கீழே. அவரும் சற்றுத் தள்ளி மறுபடி படுத்துக்கொண்டார். மகள் வாசலில் உட்கார்ந்து என் தாளிலிருந்த பாடப்பிரிவுகளைச் சத்தமாக வாசித்துக்கொண்டிருந்தாள். இருபது நிமிடம் இருக்கலாம். அந்த மே மாதத்தில் இளைப்பு ஆறியது அங்கேதான்.

ஜூனில் நாங்கள் ஐந்து பேர் கையெழுத்திட்டு மே மாதச் சம்பளம் கேட்டுக் கடிதம் கொடுத்தோம். ஆறாவதாக ஒருத்தி பேனாவை வாங்கிப் பிறகு திருப்பிக் கொடுத்தாள், அவள் கணவருக்கும் வேலை இல்லாத நேரம். நிர்வாகத்திடமிருந்து பதில் வரவில்லை. மன அழுத்தப் பேச்சாளரை இந்த வருடமும் கூப்பிடப் போவதாகப் பேச்சு இருக்கிறது. கூப்பிட்டால், அந்தப் பத்துக்கு முன்னால் இரண்டு கேள்விகளை அச்சடித்துத் தரச் சொல்லிக் கேட்பதாக இருக்கிறேன்: உங்களுக்கு மே மாதச் சம்பளம் உண்டா? நீங்கள் எழும்போது வீட்டில் காப்பி போட்டது யார்?

அம்மாவுக்கு இப்போது எழுபத்து நான்கு. பணி நிறைவு பெற்றுப் பதினாறு வருடம். பென்ஷன் வருகிறது. சமையலை நாங்கள் வாங்கிக்கொண்டு இரண்டு வருடமாகிறது. போன ஞாயிறு மதியம் ஊருக்குப் போனேன். கதவு சாத்தியிருந்தது, பூட்டவில்லை. உள்ளே கூடத்தில் தரையில் சேலை முந்தானையை விரித்துப் படுத்திருந்தார், வாய் லேசாகத் திறந்து. செருப்பைக் கழற்றும் சத்தம் கேட்டதும் பதறி எழுந்து உட்கார்ந்து, பக்கத்தில் இருந்த முறத்தை மடியில் இழுத்து வைத்துக்கொண்டார். முறத்தில் ஒன்றும் இல்லை.

"தூங்கலடி," என்றார். "சும்மா கண்ண மூடிக்கிட்டிருந்தேன்."